கொடைக்கானல் மண்ணும் 20 மில்லிகிராமும்

கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை விவகாரம் நீண்ட காலமாக ஓர் எண்ணைச் சுற்றியே நடந்து வந்திருக்கின்றது. சுத்திகரித்த பின்னர் ஒரு கிலோகிராம் மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் எஞ்சியிருக்கலாம் என்பது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றுக்கொண்ட அளவு. பிரித்தானியாவில் 1 மில்லிகிராமுக்கு மேல் அனுமதி இல்லையே என்பது சூழலியலாளரின் கேள்வி. எனது அனுதாபம் இரண்டாமவர் பக்கமே. ஆயினும் எண்ணைப் பற்றிய இந்த இழுபறியில் பாதரசத்தின் இரசாயனம் பின்தள்ளப்பட்டுவிட்டது.

1980களின் ஆரம்பத்தில் நியூயோர்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட தொழிற்சாலை அது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிகள் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தமை 2001 மார்ச்சில் அம்பலமாகியதும் மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 தொன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் 2016இல் உடன்பாடு காணப்பட்டது. மண் மட்டும் மலையிலேயே இருந்தது.

பிரித்தானிய அளவை மேற்கோள் காட்டுவோர் அதனை முழுமையாகப் படிக்க வேண்டும். வதிவிட நிலத்துக்காக 2009இல் அந்நாட்டுச் சூழல் முகவரகம் வெளியிட்ட வழிகாட்டலில் பாதரசத்துக்கு ஓர் எண் அல்ல, மூன்று எண்கள் உள்ளன. உலோகப் பாதரசத்துக்கு 1 மில்லிகிராம். மெதைல் பாதரசத்துக்கு 11. அசேதனப் பாதரசச் சேர்வைகளுக்கு 170. ஒரே மூலகம், ஒரே மண், மூன்று அளவுகள்! உலோகப் பாதரசம் ஆவியாகி நுரையீரலுக்குட் செல்வதால் அதற்கு அவ்வளவு கடுமை. எந்த வடிவம் என்று சொல்லாமல் 20 என்று மாத்திரம் சொல்வது அரைகுறைப் பேச்சு.

அதுமட்டுமல்ல, அந்த மூன்று எண்களும் வீட்டுத் தோட்டத்தில் வாழ்பவரை மனதிற்கொண்டு கணிக்கப்பட்டவை. கொடைக்கானல் தொழிற்சாலையோ சோலைக்காட்டின் விளிம்பில், பாம்பாற்றை நோக்கிச் சரியும் மழைநிலத்தில் அமைந்தது. அங்கே மண் ஓரிடத்தில் நிற்பதில்லை.

மண்ணில் விழுந்த உலோகப் பாதரசத்தில் ஒரு பகுதி ஆவியாகிறது. இன்னொரு பகுதி ஒட்சியேற்றமடைந்து அயனாக மாறி, உக்கலில் உள்ள கந்தகத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. இந்தப் பிணைப்பு மிகவும் வலுவானது. ஆகவே மண்ணை நீரில் ஊறவைத்துச் சோதித்தால் பாதரசம் அதிகம் கரைந்து வராது. “நீரிற் கரையவில்லை, ஆபத்தில்லை” என்று அறிக்கை எழுத இது வசதியானது. ஆனால் மழை கரைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்பதில்லை. மண்துகளையே அள்ளிக்கொண்டு போகிறது. அத்துகள் குளத்தின் அல்லது அணைக்கட்டின் அடிச்சேற்றில், ஒட்சிசன் இல்லாத இடத்திற் போய்ப் படிகிறது. அங்கே சல்பேற்றைக் கொண்டு வாழும் பற்றீரியாக்கள் அதன் ஒரு சிறு பங்கை மெதைல் பாதரசமாக்குகின்றன. அடிச்சேற்றில் இம்மாற்றம் நிகழ்வதை 1969இல் சுவீடன் ஆய்வாளர் காட்டினர். அதற்குப் பொறுப்பான இரு மரபணுக்கள் 2013இல் இனங்காணப்பட்டன. மெதைல் பாதரசம் நுண்பாசியிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் செறிவு கூடிக்கொண்டே ஏறுகிறது. நீரில் அளவிடவே சிரமமான அளவு, மீனில் பத்து இலட்சம் மடங்காகவும் பெருகக்கூடும். கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருந்ததை 2006இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. அது காற்றுவழி வந்து படிந்தது என்பது ஆய்வாளரின் முடிவு.

வடிவத்தைப் பற்றிப் பேசுவதிலும் ஓர் அபாயம் உண்டென்பதை ஒப்புக்கொள்கிறேன். 1959இல் மினமாட்டா நோய்க்குச் சேதனப் பாதரசமே காரணம் என்று குமமோட்டோ பல்கலைக்கழகத்தார் கூறியபோது, தான் பயன்படுத்துவது அசேதனப் பாதரசமே என்று சிஸ்ஸோ நிறுவனம் மறுத்தது. அதே ஆண்டில் அதன் சொந்த மருத்துவமனையின் மருத்துவர் ஹோசோகாவா, தொழிற்சாலைக் கழிவை ஊட்டிய பூனை நோயுற்றதைக் கண்டார். அந்த முடிவு மறைக்கப்பட்டது. மெதைல் பாதரசம் அந்தத் தொழிற்சாலைக்குள்ளேயே உருவாகி நேராகக் கடலுக்குட் சென்றிருந்தது. ஜப்பானிய அரசு இதனை ஏற்றுக்கொண்டது 1968 செப்டெம்பரில். அந்த உற்பத்தி முறை கைவிடப்பட்டதோ அதே ஆண்டு மே மாதத்தில்! குடாவின் சேற்றை அகற்றியும் மூடியும் முடிக்க 1990 ஆயிற்று. மீன்கள் வெளியேறாதபடி கட்டிய வலை 1997இலேயே அகற்றப்பட்டது.

இரசாயனம் அன்று காலங்கடத்தும் கருவியாயிற்று. அளந்து காட்டும் கடமை கடற்றொழிலாளர் தலையிற் போடப்பட்டதே அதற்குக் காரணம். கொடைக்கானலில் அக்கடமை நிறுவனத்துக்கும் வாரியத்துக்கும் உரியது. சுத்திகரித்த மண்ணின் மொத்தப் பாதரசத்தை மட்டும் அளந்து கோப்பை மூடுவது போதாது. பாம்பாற்றின் கீழ்ப்புறத்திலும் அதன் நீர் தேங்கும் இடங்களிலும் சேற்றையும் மீனையும் எடுத்து, மெதைல் பாதரசத்தைத் தனியாக அளந்து, பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து, அங்கு மீன் வாங்கும் மக்கள் படிக்கக்கூடிய தமிழில் வெளியிட வேண்டும்.