குளிப்பாட்டினால் போதுமா?



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தூய்மைக்கேடு பற்றிப் பாடம் நடத்தினேன். கடலில் எண்ணெய் கசிந்தால் விலங்குகளுக்கு நேரும் துன்பத்தை விளக்க ஒரு படத்தைத் திரையில் காட்டினேன். கையுறை அணிந்த இருவர், எண்ணெய் படிந்த கடல் நீர்நாய் ஒன்றைச் சவர்க்காரம் இட்டுக் குளிப்பாட்டும் படம் அது.

“டீச்சர், பிறகு அது பிழைத்துக்கொண்டதா?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“பிழைத்துக்கொண்டது” என்று சட்டெனக் கூறிவிட்டேன். வகுப்பே மகிழ்ந்தது. உண்மையில் எனக்கு விடை தெரியாது. அந்த உறுத்தலால் அன்றிரவே தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

1989 மார்ச் 24ஆம் நாள் எக்ஸான் வால்டெஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் கடற்பகுதியில் பாறைத்திட்டில் மோதியது. 4 கோடி லிட்டருக்கும் அதிகமான கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. ஏறக்குறைய 2,100 கிலோமீட்டர் நீளக் கடற்கரையில் எண்ணெய் படிந்தது. அடுத்த சில மாதங்களில் மட்டும் ஆயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் கடல் நீர்நாய்களின் உடல்கள் மீட்கப்பட்டன. மொத்தத்தில் சில ஆயிரம் இறந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். ரோமத்திற்காக வேட்டையாடப்பட்டு, அழிவின் விளிம்பைத் தொட்டு, 1911ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கைக்குப் பிறகே மெல்ல மீண்டு வந்த இனம் இது.

திமிங்கிலத்திற்கும் கடல்நாய்க்கும் தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் படலம் உண்டு. கடல் நீர்நாய்க்கு அது இல்லை. அதன் ரோமமே அதற்குப் போர்வை. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட முடிகள் இருக்கும். நம் தலை முழுவதிலும் உள்ள முடிகளே ஏறத்தாழ அவ்வளவுதான்! அம்முடிகளுக்கிடையே தங்கும் காற்றுதான் உறைபனிக் குளிரைத் தடுக்கிறது. எண்ணெய் பட்டதும் ரோமம் ஒட்டிக்கொள்கிறது, காற்று வெளியேறுகிறது, குளிர்நீர் தோலைத் தொடுகிறது. தன்னைத் தூய்மை செய்துகொள்ள அது ரோமத்தை நக்குகிறது. அப்போது எண்ணெய் வயிற்றுக்குள் சென்று கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. எண்ணெயின் ஆவி நுரையீரலைத் தாக்குகிறது.

அப்படியாயின், குளிப்பாட்டப்பட்டவை என்னவாயின? ஏறக்குறைய 350 நீர்நாய்கள் சிகிச்சை நிலையங்களுக்குக் கொண்டுவரப்பட்டன. மூன்றில் ஒரு பங்கு அங்கேயே மாண்டன. 200க்கும் சற்றுக் குறைவானவையே மீண்டும் கடலில் விடப்பட்டன. அவற்றுள்ளும் பல பின்னர் இறந்தன அல்லது காணாமற்போயின. பிழைத்த ஒவ்வொன்றுக்கும் ஆன செலவு 80,000 டாலருக்கும் அதிகம். கொட்டும் குளிரில் உழைத்தவர்களின் கருணையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், கருணையால் ஈடுசெய்ய இயலாத இழப்பு அது.

துயரம் அந்த ஆண்டோடு முடியவுமில்லை. கற்களுக்கும் மணலுக்கும் அடியில் எண்ணெய் தங்கிவிட்டது. சிப்பிகளைத் தேடிக் கரையோர மண்ணைத் தோண்டிய நீர்நாய்கள் ஆண்டுக்கணக்கில் அதன் பாதிப்புக்கு ஆளாயின. அவற்றின் எண்ணிக்கை பழைய நிலையை எட்டிவிட்டதாக ஆய்வாளர்கள் அறிவித்தது 2014ஆம் ஆண்டில்தான். 1989இல் முதலாம் ஆண்டில் பயின்ற குழந்தை அப்போது முப்பது வயதைக் கடந்திருக்கும்!

“பத்து வயதுப் பிள்ளைகளிடம் சாவைப் பற்றி ஏன் பேச வேண்டும்?” என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆயினும், ‘அழுக்கானால் கழுவிவிடலாம்’ என்னும் பாடம் அதைவிடத் தீங்கானது என்பதே என் கருத்து. எந்தத் தவற்றையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தை அது பிஞ்சு மனத்தில் விதைக்கிறது.

மறுநாள் வகுப்பில், “நேற்று நான் கூறியது தவறு” என்று ஒப்புக்கொண்டு நடந்தவற்றை எடுத்துரைத்தேன். சற்று நேரம் அமைதி. பிறகு அதே மாணவி, “அப்படியென்றால் எண்ணெய் கொட்டாமல் பார்த்துக்கொள்வதுதானே சரி?” என்றாள். பெரியவர்கள் அந்த முடிவுக்கு வர ஒரு விபத்து தேவைப்பட்டது. எக்ஸான் வால்டெஸ் ஒற்றை அடிச்சுவர் கொண்ட கப்பல். அதன் பின்னரே, 1990இல், எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டைச் சுவர் வேண்டும் என அமெரிக்கா சட்டம் இயற்றியது.

நம் மலாக்கா நீரிணையிலும் எண்ணெய்க் கப்பல்கள் நாள்தோறும் செல்கின்றன. 2024 ஜூன் மாதம் சிங்கப்பூரில் இரு கப்பல்கள் மோதி, செந்தோசாக் கடற்கரையில் எண்ணெய் படிந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். நாளை அக்கப்பல்களை இயக்குவோரும் அவற்றுக்கு விதிமுறை வகுப்போரும் இன்று நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கலாம்.

ஆகவே, ஆசிரியர்களே, அந்தப் படத்தைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு நடந்ததையும் கூறுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வினவும்போது விடை தெரியாவிட்டால், “வா, சேர்ந்து தேடுவோம்” என்று சொல்லுங்கள். நான் அன்று சொல்லத் தவறியது அதைத்தான்.