பிரிட்டன்: ஓட்டு ஒரு பக்கம், சீட் ஒரு பக்கம்

டிசம்பர் 12, 2019. இரவு 10 மணிக்கு பிரிட்டனில் வாக்குப்பதிவு முடிந்த மறுநொடியே டி.வி.க்களில் எக்ஸிட் போல் முடிவு வந்தது. போரிஸ் ஜான்சனின் கன்சர்வேடிவ் கட்சிக்கு 368 இடங்கள் என்றது கணிப்பு. எண்ணி முடித்தபோது கிடைத்தவை 365. மக்கள் சபையின் 650 இடங்களில் 80 இடங்கள் மெஜாரிட்டி. 'பிரெக்ஸிட்டை முடிப்போம்' என்ற ஒற்றை கோஷத்தோடு களம் இறங்கியவர் ஜான்சன். ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகுவது இனி மறுக்க முடியாத மக்கள் முடிவு என்று அவர் அறிவித்தார். 2020 ஜனவரி 31 இரவு பிரிட்டன் வெளியேறியது.

இடங்களை விட்டுவிட்டு ஓட்டுகளை எண்ணினால் கணக்கு மாறுகிறது. கன்சர்வேடிவ் கட்சி பெற்றது 43.6 சதவீதம். நைஜல் ஃபாராஜின் பிரெக்ஸிட் கட்சிக்கு 2 சதவீதம். இரண்டையும் கூட்டினாலும் 46 சதவீதத்தை எட்டவில்லை. விலகவே கூடாது என்றோ, இன்னொரு முறை மக்களைக் கேட்க வேண்டும் என்றோ சொன்ன தொழிற்கட்சி, லிபரல் டெமாக்ரட், ஸ்காட்லாந்து தேசியக் கட்சி, பசுமைக் கட்சி ஆகியவை பெற்ற ஓட்டுகளைக் கூட்டினால் பாதிக்குச் சற்று மேல்.

எப்படி நடந்தது இது? வெளியேற விரும்பியவர்களின் ஓட்டு ஒரே பையில் விழுந்தது. அவர்களில் சுமார் நாலில் மூன்று பேர் ஜான்சனுக்குப் போட்டார்கள். கன்சர்வேடிவ்கள் ஏற்கெனவே ஜெயித்திருந்த 317 தொகுதிகளில் ஃபாராஜ் தன் வேட்பாளர்களை நிறுத்தாமல் ஒதுங்கிக்கொண்டார். நீடிக்க விரும்பியவர்களின் ஓட்டோ நாலைந்து கட்சிகளிடையே சிதறியது. அவர்களில் பாதிப் பேர்கூட தொழிற்கட்சிக்குப் போடவில்லை. ஐந்தில் ஒருவர் ஜான்சனுக்கே போட்டார். ஜெரமி கோர்பின் பிரதமராவதை விரும்பாதவர்கள், மூன்றரை ஆண்டு இழுபறியில் அலுத்துப்போனவர்கள் என்று காரணங்கள் பல. விளைவு, சுரங்கத் தொழிலாளர் பகுதியான போல்ஸோவர் தொகுதியை 1970 முதல் தன் கையில் வைத்திருந்த தொழிற்கட்சியின் டென்னிஸ் ஸ்கின்னர் தோற்றார். டோனி பிளேரின் பழைய தொகுதியான செட்ஜ்ஃபீல்டும் கைமாறியது.

அதற்கு ஏழு மாதம் முன்பு இதே வாக்காளர்கள் வேறொரு தேர்தலில் ஓட்டுப் போட்டிருந்தார்கள். 2019 மே மாதம் நடந்த ஐரோப்பிய பாராளுமன்றத் தேர்தலில் ஆளும் கன்சர்வேடிவ் கட்சிக்கு 9 சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. பிரெக்ஸிட் கட்சிக்கு 30 சதவீதத்துக்கு மேல். ஓட்டு விகிதப்படி இடங்களைப் பங்கிடும் முறை அது. மே மாதத்துக்கும் டிசம்பருக்கும் இடையே நாட்டின் மனசு தலைகீழாக மாறிவிடவில்லை. எண்ணும் முறையும், எதிரே நின்றவர்களும்தான் மாறியிருந்தார்கள்.

ஐரோப்பா விஷயத்தில் பிரிட்டிஷ் தேர்தல்கள் காட்டும் கண்ணாடி எப்போதுமே கோணல்தான். 1973ல் எட்வர்ட் ஹீத் நாட்டை ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்த்தார். 1975ல் ஹரால்ட் வில்சன் நடத்திய வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் நீடிக்கலாம் என்றார்கள். அதற்காக ஊக்கமாகப் பிரசாரம் செய்தவர்களில் ஒருவர், அப்போதுதான் கன்சர்வேடிவ் தலைவியாகியிருந்த மார்கரெட் தாட்சர். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் தொழிற்கட்சி அமைச்சர் டோனி பென். 1983ல் விலகுவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதிய தொழிற்கட்சி 27.6 சதவீத ஓட்டோடு படுதோல்வி கண்டது. பின்னால் இரண்டு கட்சிகளும் இடம் மாறிக்கொண்டன.

2015 தேர்தல் இன்னும் வேடிக்கை. விலகலை வலியுறுத்திய யுகிப் கட்சிக்கு 38 லட்சம் ஓட்டு, ஒரே ஒரு இடம். ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு சுமார் 14.5 லட்சம் ஓட்டு, 56 இடங்கள். ஆனால் ஒரு இடம் மட்டுமே வாங்கிய கட்சிதான் நாட்டின் திசையை மாற்றியது. யுகிப் தன் ஓட்டுகளைப் பிரித்துவிடும் என்று பயந்த டேவிட் கேமரூன், வாக்கெடுப்பு நடத்துவதாக 2013லேயே வாக்குக் கொடுத்திருந்தார்.

2016 ஜூன் 23ல் 72 சதவீதம் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். விலக 51.9 சதவீதம், நீடிக்க 48.1 சதவீதம். வித்தியாசம் 13 லட்சத்துக்கும் குறைவு. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் நீடிக்க வேண்டும் என்றார்கள். விலகல் அவர்களுக்கும் சேர்த்துத்தான். பிரிட்டனில் வசித்த இந்தியக் குடிமக்களுக்கும் இதில் ஓட்டு இருந்தது. காமன்வெல்த் நாட்டவர் என்பதால் அந்த உரிமை. ஆனால் அங்கே பல ஆண்டுகளாக வேலை செய்துவந்த போலந்துக்காரருக்கோ இத்தாலியருக்கோ ஓட்டு இல்லை. முடிவு யாருடைய வாழ்க்கையை முதலில் தொடுமோ, அவர்களைக் கேட்கவில்லை.

ஓட்டுச்சீட்டில் இருந்தது நீடிப்பதா, விலகுவதா என்ற கேள்வி மட்டும். எப்படி விலகுவது, பொதுச் சந்தையில் இருப்பதா, அயர்லாந்து எல்லையில் சுங்கச்சாவடி வருமா என்பதெல்லாம் அதில் இல்லை. அந்த வெற்றிடத்தைத் தன் ஒப்பந்தத்தால் நிரப்பப் பார்த்தார் தெரசா மே. கூடுதல் பலம் தேடி 2017ல் தேர்தல் நடத்தி, இருந்த மெஜாரிட்டியையும் இழந்தார். 2019 ஜனவரியில் அவரது ஒப்பந்தம் 230 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. நவீன காலத்தில் எந்த பிரிட்டிஷ் அரசும் சபையில் இவ்வளவு பெரிய தோல்வியைக் கண்டதில்லை.

விலகிய பிறகு வாக்காளர்களுக்குக் கிடைத்தது என்ன? பலர் விலகலுக்கு ஓட்டுப் போட்டதே வெளிநாட்டவர் வருகை குறையும் என்ற நம்பிக்கையில். ஐரோப்பியர்களின் வரவு குறைந்தது உண்மை. ஆனால் புதிய விசா விதிகளின்படி மற்ற நாடுகளிலிருந்து மாணவர்களும், நர்சுகளும், முதியோர் இல்லப் பணியாளர்களும் வந்தார்கள். வந்தவர்களில் முன்வரிசையில் இந்தியர்கள். வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்துப் பார்த்தால், நிகர எண்ணிக்கை 2023ல் 9 லட்சத்தைத் தாண்டி உச்சம் தொட்டது. கோபம் திரும்பியதும் கதவும் சாத்தியது. முதியோர் பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலையில் நிறுத்தப்பட்டது.

மக்களின் எண்ணமும் மெதுவாக நகர்ந்தது. விலகியது சரியா, தவறா என்ற கேள்விக்கு அண்மை ஆண்டுகளின் கருத்துக்கணிப்புகளில் பாதிக்கு மேற்பட்டோர் தவறு என்கிறார்கள். சரி என்பவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு. எல்லோரும் மனம் மாறியவர்கள் அல்ல. 2016ல் ஓட்டுப் போட்ட முதியவர்கள் பலர் இன்று இல்லை. அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் இன்று வாக்காளர்கள். கணிப்புகளையும் அப்படியே நம்பிவிட முடியாது. மறுபடி சேரலாமா என்று மொட்டையாகக் கேட்டால் ஆதரவு அதிகம். யூரோ நாணயம், ஐரோப்பியர்கள் தடையின்றி வந்து போகும் உரிமை என்ற நிபந்தனைகளைச் சேர்த்துக் கேட்டால் அது சரிகிறது.

2024 ஜூலைத் தேர்தலில் இந்த வருத்தம் எங்கேயும் ஒலிக்கவில்லை. கெய்ர் ஸ்டார்மரின் தொழிற்கட்சி, பொதுச் சந்தைக்கோ சுங்க யூனியனுக்கோ திரும்பப் போவதில்லை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது. 2019ல் கைவிட்டுப்போன வடக்குத் தொகுதிகள் அதற்கு வேண்டியிருந்தன. 33.7 சதவீத ஓட்டில் 411 இடங்களும் கிடைத்தன. ஃபாராஜின் புதிய ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவீத ஓட்டு, 5 இடங்கள். அடுத்த ஆண்டே அதே கட்சி பல கருத்துக்கணிப்புகளில் முதலிடத்துக்கு வந்தது. பிரெக்ஸிட் தவறு என்று பாதிக்கு மேற்பட்டோர் சொல்லும் நாட்டில், அதற்காகக் கால் நூற்றாண்டு பாடுபட்டவரின் கட்சி முன்னால் நிற்கிறது. எதிர்த்தரப்பு சிதறிக் கிடந்தால், ஆட்சியைப் பிடிக்க 30 சதவீதமே போதுமானதாக ஆகிவிடலாம்.

ஜான்சனின் வெற்றியும் ஸ்டார்மரின் வெற்றியும் சட்டப்படி செல்லும். ஆட்டத்தின் விதி எல்லோருக்கும் முன்பே தெரியும்; தோற்றவர்கள் பிறகு விதியைக் குறை சொல்வதில் நியாயம் குறைவு. ஆனால் ஆட்சி செய்யக் கிடைத்த அனுமதி வேறு, ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மக்கள் சொன்ன பதில் வேறு. ஆஸ்பத்திரி, வரி, வேலை, தலைவரின் முகம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடும் ஒரே ஓட்டை, ஒரே கேள்விக்கான பதிலாக வாசிப்பது ஜெயித்தவர்களுக்கு வசதி.

இந்தியர்களுக்கு இது புதிதல்ல. அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயித்தவர் என்ற இந்த முறை பிரிட்டனிலிருந்து வந்ததுதான். 2014ல் பா.ஜ.க. பெற்றது 31 சதவீத ஓட்டு, 282 இடங்கள். அதற்கு முன் காங்கிரசும் பாதி ஓட்டு வாங்காமலேயே பலமுறை பெரும் மெஜாரிட்டியோடு ஆண்டது. எந்தக் கட்சி ஜெயித்தாலும் மேடையில் கேட்கும் வார்த்தை 'மக்கள் தீர்ப்பு'. அதைக் கேட்கும்போதெல்லாம் ஓட்டு சதவீதம் எத்தனை என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.