சொல்லிசையின் மறக்கப்பட்ட முன்னோடிகள்

‘ராப்’ என்னும் சொல்லிசை, 1973 ஆகஸ்டு 11ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் நடத்திய நடன விருந்தில் பிறந்தது என்பாரும், 1979இல் வெளிவந்த ‘ராப்பர்ஸ் டிலைட்’ இசைத்தட்டே அதன் தொடக்கம் என்பாரும் உளர். வேறு சிலர், மேற்கு ஆப்பிரிக்கப் பாணரிடமிருந்து அது நேரே வந்ததெனக் கூறி, ஒரே தாவலில் கடலையும் காலத்தையும் கடந்துவிடுவர். இம்மூவகையினரும் இடையில் நின்ற ஒருவரை மறந்துவிடுகின்றனர். அவரே கறுப்பின வானொலி அறிவிப்பாளர்.

சான்று வேண்டுமா? 1948இல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், லவாடா டர்ஸ்ட் என்பவர் ‘டாக்டர் ஹெப்கேட்’ என்னும் பெயரில் வானொலியில் பேசத் தொடங்கினார். அவர்தம் அறிவிப்புகளில் ஈற்றொலிகள் ஒத்திசைந்தன. நம் யாப்பு இயைபுத்தொடை என்று குறிப்பது இதனையே அன்றோ! 1950களில் பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் புகழ்பெற்ற ஜாக்கோ ஹெண்டர்சன், இசைத்தட்டின் முன்னிசை ஒலிக்கும்போதே அதன் தாளத்தில் தம் பேச்சை ஏற்றினார். பாடகர் வாய்திறக்குமுன் பேச்சு முடிய வேண்டும், தாளமும் பிசகலாகாது. இதனை வெறும் அரட்டை என்று ஒதுக்குவது முறையாகுமா?

அமெரிக்க வானொலியின் ஒலி ஜமேய்க்காத் தீவையும் எட்டியது. அவ்வறிவிப்பாளர் நடையைத் தழுவி, கவுண்ட் மச்சுக்கி அங்கு ஒலிபெருக்கி நடனங்களில் பேசினார். கூல் ஹெர்க்கோ அத்தீவின் கிங்ஸ்டனில் பிறந்து, 1967இல் நியூயார்க்கில் குடியேறியவர். 1970களில் ஹார்லெம் அரங்குகளை ஆண்ட டி.ஜே. ஹாலிவுட்டின் நடையும் வானொலி நடையின் வாரிசே.

‘விளம்பரம் விற்றவர்கள் கலைஞராவரோ?’ என்று சிலர் மறுப்பர். பரிசில் பெற்றுப் பாடியதனால் நம் சங்கப் புலவர் புலவர் அல்லராகிவிட்டனரா? 1979இல் அறுபது வயதைக் கடந்திருந்த ஜாக்கோ, தம் பழைய நடையிலேயே ‘ரிதம் டாக்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். புதியதென உலகம் வியந்த வடிவில் அப்பழைய நடை இயல்பாகப் பொருந்தியது. இதனினும் தெளிவான விடை வேறென்ன வேண்டும்?

மறதிக்குக் காரணம் வேறு. காற்றில் கரைந்த பேச்சுக்குக் கடையில் விலை இல்லை, இசைத்தட்டுக்கு உண்டு. எனவே விற்றது வரலாறாயிற்று, ஒலித்தது வதந்தியாயிற்று. கலை வரலாறு கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும், ‘முதலில் பதிவானது எது?’ என்பதோடு நில்லாமல், ‘அதற்குமுன் ஒலித்தது யார் குரல்?’ என்றும் வினவ வேண்டும். பதிவில் இல்லாமையே பிறவாமைக்குச் சான்றாகிவிடாது.