கிராணி இல்லாத கடிதப்பெட்டி

கைப்பேசி வாங்கிய அன்றே கடைக்காரப் பையன் திறந்து கொடுத்த மின்னஞ்சல் கணக்கு ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் அநேகமாக எல்லாரிடமும் இருக்கிறது. அதைத் திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு. நமக்குச் சேதி என்றால் வாட்ஸ்அப். ஆனால் கல்லூரியும் கம்பெனியும் முக்கியமான தாள்களை இன்னமும் மின்னஞ்சலில்தான் அனுப்புகின்றன.

நான் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. என் வாய்க்கு இன்னும் பழைய பெயர்தான். எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்துவிட்டால் பிள்ளைகள் கைப்பேசியோடு வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். "சார், இன்டர்வியூக்குக் கூப்பிட்டாங்களாம், எனக்கு வரவே இல்ல." வந்திருக்கும். தள்ளுபடி விளம்பரங்களுக்கு அடியில் பிரிக்கப்படாமல் கிடக்கும்.

1917இல் மலேசியாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்காக எண்ணெய்ப்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கம்தான். அந்தக் காலத்துத் தோட்டங்களில் கடிதம் ஆபீசுக்குத்தான் வரும். இது துரைக்கு, இது கணக்குக்கு, இது இன்ன லயத்துக்கு என்று பிரிக்கக் கிராணி இருந்தார். இப்போது துரையும் நாமே, கிராணியும் நாமே.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விளம்பர மடல்களை ஒவ்வொன்றாக அழிப்பது வீண் வேலை. அடுத்த வாரமும் அதே கடை அதே விளம்பரத்தை அனுப்பும். தெரிந்த கடை என்றால் மடலில் உள்ள 'அன்சப்ஸ்கிரைப்' பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பியதா? உள்ளே எதையும் தொடாமல் ஸ்பேமில் தள்ளுங்கள்.

மிஞ்சும் மடல்களைப் பிரித்து வைக்க லேபிள் நாலு போதும்: படிப்பு, வேலை, வரி, சங்கம். தமிழிலேயே பெயர் வைக்கலாம். இன்ன முகவரியிலிருந்து வந்தால் இன்ன லேபிள் என்று ஃபில்டர் போட்டுவிட்டால் பிரிக்கும் வேலை தானாக நடக்கும். ஜிமெயிலில் அதைக் கணினியில்தான் போட முடியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மடிக்கணினி போதும். 'வரி' லேபிளை அலட்சியமாக நினைக்காதீர்கள். வருமான வரி வாரியம் ஆதாரங்களை 7 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. கடையில் தரும் ரசீது அதற்குள் வெளுத்துப்போகும், மின்னஞ்சலில் வந்தது வெளுக்காது.

இதைவிடப் பெரிய சிக்கல் இடம். ஜிமெயில் இலவசமாகத் தருவது 15 ஜிகாபைட். கூகுள் ஃபோட்டோஸில் ஏறும் படங்களும், ஆண்ட்ராய்டு கைப்பேசியின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே இடத்தைத்தான் தின்கின்றன. தீமிதித் திருவிழா வீடியோ எல்லாம் ஏறி இடம் நிரம்பிவிட்டால் புதிய மடல் உள்ளே வராது. அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். கம்பெனியில் உள்ளவர் முகவரி தப்பு என்று நினைத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். பிள்ளைக்கோ ஒன்றுமே தெரியாது. அழித்த மடலும் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். உடனே இடம் வேண்டுமென்றால் அதையும் காலி செய்ய வேண்டும்.

கைப்பேசி மாற்றும்போதெல்லாம் புதுக் கணக்கு திறக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. விண்ணப்பத்தில் கொடுத்தது பழைய முகவரியாக இருக்கும். 2 ஆண்டு தொடாமல் விட்ட கணக்குகளை அழிக்கும் நடைமுறையை 2023 டிசம்பரில் கூகுள் தொடங்கிவிட்டது.

பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாருக்கும் ஒரே மடல் போகும்போது முகவரிகளை 'பிசிசி' கட்டத்தில் போடுங்கள். யார் முகவரியும் அடுத்தவர் கண்ணில் படாது.

வீட்டில் இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதும் பிள்ளை இருந்தால், அதன் மின்னஞ்சல் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று இன்றே கேளுங்கள். கைப்பேசிக் கடையில் வைத்துக் கொடுத்ததாக இருந்தால் உடனே மாற்றி, கணக்கை மீட்கும் எண்ணாக உங்கள் எண்ணைப் போட்டு வையுங்கள்.