நல்ல அந்நியனுக்கு மட்டுமா?

தவக்காலத்தில் பங்கு மன்றங்களில் திரைப்படம் காட்டும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பாடுகளின் படங்களைப் பலமுறை பார்த்துச் சலித்த இளையோர் வேறு படம் கேட்கின்றனர். பொறுப்பாளர்களும் 'நல்ல கருத்துள்ள' படமாகத் தேடுகின்றனர். அவ்வாறு தேடுவோர் கையில் மீண்டும் மீண்டும் அகப்படும் ஒன்று, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2004இல் இயக்கிய 'தி டெர்மினல்'. அண்மையில் இப்படத்தை இளையோருடன் அமர்ந்து பார்த்தேன். முடிந்ததும் ஒருவர் எழுந்து, "நான் அந்நியனாக இருந்தேன் என்று ஆண்டவர் சொன்னதற்கு இதைவிடச் சிறந்த விளக்கவுரை இல்லை" என்றார். எல்லாரும் கைதட்டினர். நானும் தட்டினேன். வீடு திரும்பும் வழியில்தான் தட்டிய கை எனக்கு உறுத்தியது.

கதையை அறியாதோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராகோசியா என்னும் கற்பனை நாட்டிலிருந்து விக்டர் நவோர்ஸ்கி என்பவன் நியூயார்க் விமான நிலையத்தில் வந்திறங்குகிறான். அவன் வானில் பறந்துகொண்டிருந்தபோதே நாட்டில் ஆட்சி கவிழ்ந்துவிடுகிறது. அமெரிக்கா புதிய ஆட்சியை ஏற்கவில்லை. எனவே அவனது கடவுச்சீட்டு வெறும் தாளாகிவிடுகிறது. நகருக்குள் நுழையவும் முடியாது, ஊர் திரும்பவும் முடியாது. ஒன்பது மாதம் அந்த நிலையத்துக்குள்ளேயே வாழ்கிறான். மொழி கற்கிறான், தள்ளுவண்டிகளைச் சேர்த்துக் காசு ஈட்டுகிறான், கட்டட வேலை செய்கிறான், காதலர் இருவரைச் சேர்த்து வைக்கிறான். துப்புரவுப் பணியாளர், உணவு வண்டிக்காரர், காவலர் என எளியவர் அனைவரும் அவனுக்கு உறவாகின்றனர். டாம் ஹாங்க்ஸின் நடிப்பைக் குறைசொல்ல எவராலும் இயலாது.

நான் குறைசொல்வது அந்த அந்நியன் வார்க்கப்பட்டிருக்கும் விதத்தை. விக்டரிடம் ஒரு குறையாவது உண்டா? அவன் கைத்திறன் மிக்கவன், நேர்மையாளன், பெண்களிடம் கண்ணியம் காப்பவன், தந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வந்தவன். தந்தைக்கு மருந்து கொண்டுசெல்லும் ஒருவருக்காக மொழிபெயர்க்கையில், அம்மருந்து ஆட்டுக்கு என்று மாற்றிச் சொல்லி அவரைக் காப்பாற்றுகிறான். அந்தப் பொய்யும் அவன் புகழை உயர்த்துகிறது. இத்தகைய ஒருவனை நேசிக்க அருள் எதற்கு? இயல்பே போதுமே! நல்ல சமாரியர் உவமையில் சாலையோரம் கிடந்தவனை நினைத்துப் பாருங்கள். உவமை முழுதும் அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பெயர் இல்லை, தொழில் இல்லை. நல்லவனா தீயவனா என்றும் லூக்கா சொல்லவில்லை. அவன் சமாரியரைச் சிரிக்க வைக்கவில்லை. அடிபட்டுக் கிடந்தான் என்பது ஒன்றே அவனது தகுதி. மத்தேயுவின் இறுதித் தீர்ப்புக் காட்சியிலும் அந்நியனின் நற்சான்றிதழை எவரும் கேட்பதில்லை. நம் படமோ இரண்டு மணிநேரத்துக்குச் சற்று மேலான நேரம் முழுதும் அந்தச் சான்றிதழை எழுதிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? விக்டர் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. தன் நாட்டுக்குத் திரும்ப அஞ்சுவதாக ஒரு சொல் சொன்னால் போதும், வெளியே செல்ல வழி பிறக்கும் என்று அதிகாரி தூண்டுகிறார். அவன் மறுத்துவிடுகிறான், தன் ஊருக்குத் தான் அஞ்சவில்லை என்கிறான். அரங்கம் நெகிழ்கிறது. ஆனால் சற்று எண்ணுங்கள்: புகலிடம் கேட்காததால்தானே அவன் நமக்கு இனியவனாகிறான்? தந்தையின் ஆசைப்படி ஓர் இசைக்கலைஞரின் கையெழுத்தைப் பெற்றவுடன் வாடகை வண்டியேறி ஊர் திரும்பிவிடுகிறான். நம் தெருவில் குடிவரமாட்டான்; நம் பள்ளியில் இடம் கேட்கமாட்டான். திரும்பிப் போகிற விருந்தாளியை எவர்தாம் விரும்பமாட்டார்!

இக்கதைக்கு உந்துதலாக நின்ற மெய்யான மனிதர் ஒருவர் இருந்தார். ஈரானில் பிறந்த மெஹ்ரான் கரீமி நாசேரி. 1988ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 2006ஆம் ஆண்டு ஜூலை வரை, ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள், பாரிசின் சார்ல் தெ கோல் விமான நிலையத்தின் முதல் முனையத்தில் ஒரு சிவப்பு இருக்கையை வீடாகக் கொண்டு வாழ்ந்தவர். பெல்ஜியம் அவரை அகதியாக ஏற்றிருந்தது. அதற்கான தாள்களை அவர் இழந்தார். புதிய தாள் வேண்டுமானால் நேரில் வரவேண்டும் என்றது பெல்ஜியம். நேரில் செல்லத் தாள் வேண்டுமே! 1992இல் பிரெஞ்சு நீதிமன்றம் அவரை நிலையத்திலிருந்து வெளியேற்ற முடியாது என்றது. நாட்டுக்குள் விடும்படி அரசுக்கு ஆணையிடவும் முடியாது என்றது. இப்படியாக ஆண்டுகள் உருண்டன. 1999இல் ஒருவழியாகத் தாள்கள் வந்தபோது அவர் கையெழுத்திட மறுத்தார். தம் பெயர் அதுவன்று, தாம் ஈரானியரும் அல்லர் என்றார். தம்மை 'சர் ஆல்பிரட்' என்றே அழைக்கச் சொன்னார். சன்னலற்ற இடத்தில் கழிந்த ஆண்டுகள் அவர் மனத்தைத் தின்றுவிட்டிருந்தன.

இந்த நாசேரியைப் பங்கு மன்றத்தில் யார் திரையிடுவார்? அவர் காதலரைச் சேர்த்து வைக்கவில்லை. நாட்குறிப்பு எழுதினார், செய்தித்தாள் படித்தார், உட்கார்ந்திருந்தார். இறுதியில் உதவிக்கு வந்த கையையே தட்டிவிட்டார். நன்றி சொல்லத் தெரியாத அந்நியன்! அன்பு சோதிக்கப்படுவது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. படமோ இந்த இடத்துக்கு வரவே இல்லை.

படம் செய்யும் மற்றொரு தந்திரம் எனக்கு இன்னும் கசக்கிறது. துன்பத்துக்கெல்லாம் காரணம் டிக்சன் என்னும் ஓர் அதிகாரி என்று அது காட்டுகிறது. பதவி உயர்வுக்காகக் காத்திருக்கும் அவர் ஒருவரே கல்நெஞ்சர். அவருக்குக் கீழுள்ள காவலர்கள் கட்டளையை மீறி விக்டரை வெளியே விட்டவுடன் எல்லாம் இனிதே முடிகிறது. பாரிசில் அப்படி ஒரு வில்லன் தேவைப்படவில்லை. அங்கே எல்லாரும் நல்லவர்கள். பணியாளர்கள் உணவும் செய்தித்தாளும் கொடுத்தார்கள். மருத்துவர் உடல்நலம் கேட்டார். வழக்கறிஞர் அவருக்காகப் பல்லாண்டு வாதாடினார். உலகெங்குமிருந்து செய்தியாளர் வந்து கைகுலுக்கிச் சென்றனர். இத்தனை கனிவுக்கு நடுவில்தான் ஒரு மனிதர் பதினெட்டு ஆண்டுகள் இருக்கையில் கிடந்தார். கனிவு அங்கே குறையவில்லை. கனிவுள்ளோர் எவர் கையிலும் கதவின் சாவி இல்லை. திரைப்பட நிறுவனம் தந்த பணமும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. 2006இல் நோயுற்று மருத்துவமனைக்குச் சென்றவர், பின்னர் எம்மாவு என்னும் பெயருடைய தொண்டு அமைப்பின் இல்லத்திலும் பிற புகலிடத்திலும் பாரிசில் தங்கினார். எம்மாவு வழியில் அந்த இரு சீடர்கள் வழிப்போக்கர் யாரென்று அறியாமலே வற்புறுத்தித் தங்கச் செய்தனர் என்பதை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு நாசேரி விமான நிலையத்துக்கே திரும்பிவிட்டார். 2022 நவம்பர் 12 அன்று அங்கேயே மாரடைப்பால் இறந்தார். சில ஆயிரம் யூரோ அவரிடம் இருந்ததாம்.

இனிப் படத்துக்குள்ளேயே இருக்கும் ஓர் அந்நியனைப் பற்றி. குப்தா என்னும் முதிய துப்புரவுப் பணியாளரை நினைவிருக்கிறதா? குமார் பல்லானா நடித்த பாத்திரம். ஈரத் தரையில் மக்கள் வழுக்கி விழுவதைப் பார்த்துச் சிரிப்பவர். அதனால் நாமும் சிரிக்கிறோம். அவர் நம்மூர்க்காரர் என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? சென்னையில் சிறு கடை வைத்திருந்தார். கையூட்டுக் கேட்டு நச்சரித்த காவலரைக் கத்தியால் குத்திவிட்டு, மனைவி மக்களை விட்டு ஓடிவந்தவர். தலைநிமிர்ந்தால் நாடு கடத்தப்படுவோம் என்று இருபதாண்டுக்கு மேலாகத் தரையையே பார்த்து வாழ்ந்தவர். நண்பர்களைக் காக்க விக்டர் தன் ஆசையைக் கைவிட்டு ஊர் திரும்பப் போகிறான் என்றறிந்ததும், இந்த மனிதர் துடைப்பத்துடன் ஓடுபாதைக்கு ஓடி விமானத்தின் முன் நிற்கிறார். காவலர்கள் சூழ்கின்றனர். விக்டருக்கு நேரம் கிடைக்கிறது. அப்புறம் குப்தா என்னவானார்? படம் சொல்வதில்லை. கேட்கவும் தோன்றாதபடி இசையை உயர்த்திவிடுகிறது. அப்படத்தில் தன்னையே விலையாகக் கொடுத்தவர் அவர் ஒருவரே. குற்றம் செய்தவர், தாளில்லாதவர், சிடுசிடுப்பானவர். அவருக்காக நாம் யாரும் அழவில்லை.

"நல்ல படத்தை ஏன் இப்படிக் கிழிக்கிறீர்கள்? இளையோர் மனத்தில் ஈரம் சுரந்தால் நல்லதுதானே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கம் பாய்கிறது அந்த ஈரம்? 1983 முதல் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர் தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். அவற்றில் பிறந்து, அவற்றிலேயே மணமுடித்து, பிள்ளை பெற்றவர்கள் இருக்கின்றனர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019இல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து வந்த கிறித்தவர்க்கும் வழி பிறந்தது. இலங்கையிலிருந்து வந்தோர்க்கு, அவர் எச்சமயத்தவராயினும், பிறக்கவில்லை. 2021இல் முகாம்களின் பெயர் மாறியது. 2025இல், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு பெற்றோருக்குத் தாளின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்குக் கிடைத்தது. குடியுரிமை அன்று அது. இயேசு சபையின் அகதிகள் பணிக்குழு முகாம்களில் ஆண்டாண்டாய் உழைத்திருக்கிறது. அதை நன்றியோடு சொல்கிறேன். பங்கு மக்களாகிய நாமோ கிறிஸ்து பிறப்புக்குச் சேலையும் அரிசியும் கொண்டுபோகிறோம், நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம், மாலையில் திரும்பிவிடுகிறோம். பாரிசு நிலையத்தின் பணியாளரும் இதைத்தான் செய்தார்கள். நம்மைவிட ஒழுங்காக, நாள்தோறும் செய்தார்கள்.

வரும் தவக்காலத்தில் இன்னும் சில பங்குகளில் இப்படம் திரையிடப்படும் என்று அறிகிறேன். தடுக்க நான் வரவில்லை. ஓடுபாதைக் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, குப்தாவின் வழக்கை மட்டும் அரைமணி நேரம் பேசுங்கள் என்று கேட்கிறேன். அருகில் முகாம் இருந்தால் அங்குள்ள ஒருவரை முன்வரிசையில் அமர்த்திப் பேசச் சொல்லுங்கள். அவர் நகைச்சுவையாகப் பேசாமல் போகலாம். கோபமாகக்கூடப் பேசலாம்.