காட்டின் கணக்கு ஊரின் கையில் இருக்கட்டும்

மேற்கே மலை. மலைக்குக் கீழே தோப்பு. தோப்பைத் தாண்டினால் வயல், அதற்குக் கிழக்கே குளம். தென்காசி மாவட்டத்து ராயகிரியும் அதைச் சுற்றிய சிவகிரி வட்டாரமும் அமைந்திருக்கும் விதம் இதுதான். மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, குளம் குளமாக நிரப்பி, மறுகால் பாய்ந்து, கடைசியில் வைப்பாற்றில் சேர்கிறது. தண்ணீர் இறங்கும் வழியிலேயே உயிர்களும் இறங்குகின்றன. யானை ஓடைப் படுகையைப் பிடித்துத் தோப்புக்கு வருகிறது. நீர்ப்பறவை குளம் நிறைந்ததும் வருகிறது.

இந்த வரவையும் போக்கையும் நன்கு அறிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். யானை எந்த ஓடை வழியாக இறங்கும், விடியும் முன் எந்தப் பக்கம் திரும்பும் என்பது தோப்புக் காவலுக்குப் படுக்கும் விவசாயிக்குத் தெரியும். எந்தக் கரையில் நிற்கும் கருவேல மரத்தில் கொக்குகள் கூடு கட்டும் என்பது ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். ஆனால் அந்த அறிவு ஏட்டில் ஏறவில்லை. அதனால்தான் குளத்தைத் தூர்வாரும்போதும், ஓடைக்கரையில் வேலி எழும்போதும், பயிர் இழப்பைக் கணக்கிடும்போதும் அதற்கு மதிப்பில்லாமல் போகிறது. எழுதி வைக்கும் பொறுப்பைச் சட்டம் உள்ளாட்சிக்குத் தந்திருக்கிறது. ராயகிரிப் பேரூராட்சி அந்தப் பொறுப்பை மக்களோடு சேர்ந்து முழுமையாக ஏற்க வேண்டும் என்பதே நம் கருத்து.

வனவிலங்கு என்றதும் அது மலைக்கு மேலே, வனத்துறையின் வேலிக்கு அப்பால் நடக்கும் காரியம் என்று நினைத்துப் பழகிவிட்டோம். அப்படி நினைப்பதற்குக் காரணமும் உண்டு. நமக்கு வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-ல் அமைந்தது. 2021-ல் அது மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கப்பட்டது. இந்த மாவட்டத்தின் மலைக்காடுகளை உள்ளடக்கி நெல்லை வன உயிரினச் சரணாலயம் 2015-ல் அறிவிக்கப்பட்டது. தெற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் மேற்கு மலை பெரும்பாலும் பாதுகாப்பில்தான் இருக்கிறது.

ஆனால் உயிரினங்கள் வரைபடத்தைப் பார்த்து வாழ்வதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரணாலயத்துக்குப் பெயர் தந்த சாம்பல் நிற மலை அணில், கிளைக்குக் கிளை தாவிப் போக வழியுள்ள ஓடைக்கரை மரங்களில் வாழ்கிறது. அடிவாரத்து மாந்தோப்புக்கும் புளியந்தோப்புக்கும் வருகிறது. நத்தைக்குத்தி நாரை வயலில் இறங்கி நத்தையைத் தின்கிறது. பனையின் உச்சியிலும் பழங்கட்டடங்களிலும் தங்கும் கூகை இரவெல்லாம் எலி பிடிக்கிறது. இவற்றுக்கு வேண்டிய இடம் பட்டா நிலத்திலும், குளத்துப் புறம்போக்கிலும், கோயில் நந்தவனத்திலும் இருக்கிறது. அங்கே வனக்காவலர் நிற்பதில்லை. அங்கே காவல் ஊர்தான்.

அந்தக் காவலுக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், ஊராட்சி முதல் மாநகராட்சி வரை ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்கிறது. உள்ளூர் மக்களைக் கேட்டு, ஊரின் தாவரங்கள், விலங்குகள், பயிர் ரகங்கள், மருத்துவ அறிவு ஆகியவற்றை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதுவது அந்தக் குழுவின் முதல் கடமை. நாடு முழுவதும் இந்தப் பணி மந்தமாக நடந்ததைக் கண்ட தேசிய பசுமைத் தீர்ப்பாயம், 2020 ஜனவரி இறுதிக்குள் முடிக்காவிட்டால் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று எச்சரித்தது. கெடு நெருங்கியதும் குழுக்களும் பதிவேடுகளும் லட்சக்கணக்கில் எண்ணிக்கைக்கு வந்தன. அவசரத்தில் நிரப்பிய பதிவேட்டில் ஊர் எவ்வளவு பேசியிருக்க முடியும்? தன் ஊர்ப் பதிவேட்டைக் கண்ணால் பார்த்த குடிமகன் எத்தனை பேர்?

இந்தப் பதிவுகளால் என்ன பயன் என்று கேட்போர், மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைப் பார்க்க வேண்டும். 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள், சுமார் 250 பறவையினங்கள் என அங்குள்ள வளம் பதிவாகி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அந்த ஊர் அறிவிக்கப்பட்டது. ஊர் மக்களும் பறவை ஆர்வலர்களும் பல ஆண்டுகள் சுற்றித் திரிந்து சேர்த்த கணக்கு அதற்கு அடித்தளம். இரண்டே ஆண்டில் அந்தக் கணக்குக்குச் சோதனை வந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024-ல் முடிந்தபோது, அந்தப் பரப்புக்குள் அரிட்டாபட்டியும் இருந்தது. அதை எதிர்த்து மேலூர் வட்டாரமே தெருவில் இறங்கியது. சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. வென்றது மக்கள் போராட்டம். அந்தப் போராட்டத்தின் கையில் இருந்த வலுவான ஆவணம், ஏற்கெனவே எழுதி அறிவிக்கப்பட்ட அந்தப் பல்லுயிர்க் கணக்கு.

அவ்வளவு தூரம் போகாமல் நம் தாமிரபரணிக் கரையிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. கடனா நதி தாமிரபரணியில் கலக்கும் திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றிய மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. குஞ்சு கீழே விழுந்தால் எடுத்துக் காப்பாற்றுவது அந்த ஊரின் வழக்கம். ஊரார் முன்வந்ததால் அந்த இடம் 2005 பிப்ரவரி 14 அன்று பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வனவிலங்குச் சட்டத்தின் இந்தப் பிரிவில் நாட்டிலேயே முதலாவது அதுதான். பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. ஒரு கோயிலும் அதன் மரங்களும் ஊர் மனமும் சேர்ந்தால் போதும் என்பதற்கு அது சாட்சி.

கற்றுக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், உள்ளூர் இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. ஜனவரிக் காலையில் கல்லூரி மாணவர், ஆசிரியர், விவசாயி, வங்கி ஊழியர் என்று பலரும் பைனாகுலரோடு குளக்கரையில் நிற்கிறார்கள். முதல் நாள் பயிற்சி, மறுநாள் எண்ணிக்கை. நீலத் தாழைக்கோழிக்கும் நாமக்கோழிக்கும் வேறுபாடு தெரியாமல் வந்தவர் தெரிந்துகொண்டு திரும்புகிறார். அவர் எழுதிக்கொடுக்கும் எண், அந்தக் குளத்தின் நலத்துக்கு அளவுகோலாகிறது. பொங்கல் நாட்களில் பறவை ஆர்வலர்கள் தமிழ்நாடெங்கும் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் வீட்டு வாசலில் நின்றபடியே யாரும் சேரலாம். கட்டணம் கிடையாது, படிப்புத் தகுதி கிடையாது. காலையில் எழுந்து கால் மணி நேரம் பொறுமையாகப் பார்த்தால் போதும். நம் குளங்கள் வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. தாமிரபரணிக்கு நடப்பதைப் போல வைப்பாற்றுக் குளங்களுக்கும் ஒரு மக்கள் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் வேண்டும். அதை ராயகிரியும் சிவகிரியும் வாசுதேவநல்லூரும் சேர்ந்து தொடங்கலாம்.

இங்கே விவசாயியின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியாக வேண்டும். ஒரே இரவில் வாழையையும் தென்னங்கன்றையும் யானைக்குக் கொடுத்தவர், கிழங்கைப் பன்றிக்கும் நெல்லை மயிலுக்கும் கொடுத்தவர், "என் பயிரை யார் காப்பது?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வி நியாயமானது. இழப்பைத் தாங்குபவரை விட்டுவிட்டுக் காட்டைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்வது அநீதி. அவர்தான் இந்தப் பணியின் முதல் ஆசிரியராக இருக்க வேண்டும்.

பதிவேடு முதலில் பயன்படப் போவதும் அவருக்குத்தான். எந்த மாதம், எந்த ஓடை வழி, எத்தனை யானை, என்ன சேதம் என்று மூன்று ஆண்டு எழுதிய குறிப்பு கையில் இருந்தால், அகழி எங்கே வேண்டும், வேட்டைத் தடுப்புக் காவலர் எந்த இரவில் எங்கே நிற்க வேண்டும் என்று ஊரே சொல்லலாம். இழப்பீட்டு விண்ணப்பத்துக்கு அதைவிட வலுவான சான்று இல்லை. காட்டுப்பன்றி குறித்து 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவும் இடத்தைப் பொறுத்தே அமைகிறது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பிடிக்கவோ சுடவோ கூடாது. 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கும் அப்பால் வனத்துறையினர் சுடலாம். எங்கே சேதம் நடந்தது என்ற துல்லியமான பதிவு இல்லாத ஊருக்கு இந்த முடிவாலும் பலன் கிடைக்காது.

யானையின் நடமாட்டத்தைக் கவனித்துப் பதிந்தால் உயிரைக் காக்கலாம் என்பதை வால்பாறை செய்து காட்டியிருக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்களும் வனத்துறையும் தோட்டத் தொழிலாளர்களும் சேர்ந்து, யானை நிற்கும் இடத்தைக் கேபிள் டிவியிலும் செல்போன் குறுஞ்செய்தியிலும் சொன்னார்கள். பாதையோரம் சிவப்பு விளக்கை எரியவிட்டார்கள். இருட்டில் எதிர்பாராமல் யானையின் முன்னால் போய் நிற்பதுதான் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் என்று கண்டறிந்து எடுத்த நடவடிக்கை அது. உயிரிழப்பு குறைந்தது. இதற்கு மாறாக, திருட்டு மின்சாரத்தை வேலிக்கம்பியில் பாய்ச்சுகிறவர்கள் யானையைக் கொல்வதோடு, தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து வயல்காரரையும் கொல்கிறார்கள். மின்வேலியைப் பதிவு செய்து முறைப்படுத்த 2023-ல் விதிகள் வந்துவிட்டன. கள்ள இணைப்புக்கு ஊர் இனி இடம் தரக்கூடாது.

ராயகிரி செய்ய வேண்டியவை தெளிவானவை. பல்லுயிர் மேலாண்மைக் குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலையும் பதிவேட்டையும் பேரூராட்சி அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். குழுவில் தோப்பு விவசாயி, ஆடு மேய்ப்பவர், குளத்தில் மீன்பிடிப்பவர், கூலி வேலைப் பெண்கள், ஆசிரியர் ஆகியோருக்கு இடம் வேண்டும். வாசுதேவநல்லூர்த் தலையணைப் பகுதியில் வாழும் பளியர் சமூகத்தினரின் காட்டறிவைக் கேட்டு, அவர்கள் ஒப்புதலோடு, அவர்கள் பெயரிலேயே பதிய வேண்டும். வெளியூர் ஒப்பந்தக்காரர் நிரப்பித் தரும் படிவம் வேண்டாம். கூடுகளும் அரிய மூலிகைகளும் இருக்கும் சரியான இடத்தைப் பொதுவில் எழுதக்கூடாது. அது வேட்டைக்காரனுக்கு வழிகாட்டியாகிவிடும்.

பள்ளிகளின் பங்கு பெரியது. தேசிய பசுமைப் படையும் சுற்றுச்சூழல் மன்றமும் பல பள்ளிகளில் மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதோடு நின்றுவிடுகின்றன. ஒரு வகுப்பு ஒரு குளத்தைத் தத்தெடுக்கட்டும். மாதம் ஒரு சனிக்கிழமை கரையைச் சுற்றி வந்து, கண்டதைத் தேதியோடு ஒரே நோட்டில் எழுதட்டும். ஆறாம் வகுப்பில் தொடங்கிய பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும்போது அந்தக் குளத்துக்கு ஐந்தாண்டு வரலாறு கிடைத்திருக்கும்.

தூர்வாரும் பணியிலும் மாற்றம் வேண்டும். நம் பக்கத்துக் குளங்களில் நாரைகள் தை மாதத்துக்குப் பிறகு கூடு கட்டிக் கோடை வரை குஞ்சு வளர்க்கின்றன. ஜேசிபி இறங்குவதும் அதே கோடையில்தான். கூடு இருக்கும் மரங்களைக் குறித்துவைத்து, குஞ்சு பறந்த பிறகு அந்தப் பகுதியில் கை வைக்கலாம். சீமைக்கருவேலத்தை எடுப்பது தேவைதான். ஆனால் நாட்டுக்கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடக் கூடாது. நடுவில் ஒரு திட்டு, ஓரத்தில் முழங்கால் ஆழத் தண்ணீர் நிற்கும் சரிவு இரண்டையும் விட்டுவைத்தால் உள்ளானுக்கும் கொக்குக்கும் இரை இருக்கும். பாசனத்துக்கு இதனால் பெரிய குறை வராது. வரைபடம் போடும்போதே ஊர்க்குழுவைக் கேட்டால் இது எளிது.

வனத்துறைக்கும் ஒரு சொல். வன உயிரின வார விழாவை மண்டபத்தில் பேச்சுப் போட்டியோடு முடிக்காமல், அடிவாரத்து ஊர்களில் நடத்துங்கள். பயிர் சேதம் கேட்டு வந்தவரை அலைய விடாத அலுவலகம்தான் காட்டைப் பற்றிய நல்ல பாடம் நடத்தும் பள்ளிக்கூடம். அந்த நம்பிக்கை இல்லாமல் எந்த விழிப்புணர்வு முகாமும் பலிக்காது.

பங்குனி உத்திரத்துக்குத் திருநெல்வேலிச் சீமையெங்கும் மக்கள் தங்கள் சாஸ்தா கோயிலைத் தேடி வருகிறார்கள். அந்தக் கோயில்கள் பலவும் குளக்கரையிலும் ஓடைக்கரையிலும் மரக்கூட்டத்துக்குள்ளும் இருக்கின்றன. நீரும் மரமும் உள்ள இடத்தைத் தெய்வத்தின் பொறுப்பில் விட்டுவைத்த முன்னோர்கள், அங்கே கோடரி நுழையாமல் காத்தார்கள். இன்று அந்தக் காவலுக்குப் பெயர்ப் பட்டியலும் பதிவேடும் சட்டமும் கூடுதலாகக் கிடைத்திருக்கின்றன.

ராயகிரிப் பேரூராட்சி மன்றம் தன் அடுத்த கூட்டத்திலேயே பல்லுயிர்ப் பதிவேட்டை மக்கள் முன் திறந்து வைக்கட்டும். வரும் தை மாதம் முதல் குளத்தின் கணக்கை ஊரே எடுக்கட்டும். தோப்புக் காவலுக்குப் போகும் பெரியவர்கள் சொல்லுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எழுதுங்கள். எழுதியதைப் பேரூராட்சியும் வனத்துறையும் மதித்து நடக்க வேண்டும்.