காலித் தொட்டிக்கு ஒரு வக்காலத்து

மாடித்தோட்டக்காரர்களோடு சண்டைக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் அந்தக் கூட்டம்தான். மதுரையில், மேற்கு வெயில் நேராக வந்து இறங்கும் மொட்டைமாடியில், பதினெட்டு ஆண்டுகளாகத் தொட்டி வைத்துக்கொண்டிருக்கிறேன். எனவே இது வெளியாள் வந்து செய்கிற நையாண்டி அல்ல, வீட்டுக்குள் போடுகிற சண்டை.

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழை தொடங்கும் நேரத்தில் டியூலிப் வியாபாரமும் தொடங்கிவிடுகிறது. இணையக் கடையைத் திறந்தால் வரிசை வரிசையாகச் சிவப்பு, மஞ்சள், ஊதா. இயற்கையில் எங்குமே இல்லாத ஆகாய நீலம். ஒரே பூவில் ஏழு வண்ணம். பக்கத்தில் டாஃபோடில், ஹயசிந்த். பொட்டலத்தின் மேல் தவறாமல் ஒரு வாசகம்: ஒருமுறை நட்டால் ஆண்டுதோறும் பூக்கும். இன்னும் துணிந்தவர்கள் டியூலிப் விதையே விற்கிறார்கள். விதை போட்டு முளைத்து, கிழங்கு பெருத்து, முதல் பூ வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும் என்பதைச் சொல்வதில்லை. அதுவும் டியூலிப்புக்குப் பிடித்த ஊரில். நம் ஊரில் ஐந்து வாரம்கூடத் தாங்காது.

தோட்டக்காரர்கள் இந்தக் கிழங்குகளைப் பல்பு என்றுதான் சொல்வார்கள். பள்ளிப் பாடப்புத்தகம் குமிழம் என்கிறது, யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. டியூலிப் பல்பு வாங்கிய என் நண்பர்கள் இரண்டு அர்த்தத்திலும் பல்பு வாங்கியவர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். டியூலிப் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகளில் பிறந்த செடி. அங்கே கோடையில் தரை காய்ந்து வெடிக்கும், குளிர்காலத்தில் பனி மூடும். அந்தப் பனிக்காலம்தான் அதற்குக் கடிகாரம். ஏறக்குறைய 12 முதல் 16 வாரம், 9 டிகிரிக்குக் கீழே கிடந்தால்தான் உள்ளே இருக்கும் மொட்டுக்குத் தண்டு நீளும். மதுரையில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். எனவே ஃப்ரிட்ஜில் வை என்கிறார்கள். காய்கறித் தட்டில், தாள் பையில், மூன்று மாதம். அதே தட்டில் ஆப்பிளும் வாழைப்பழமும் இருந்தால் பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டை உள்ளேயே கருக்கிவிடும். அதையும் தாண்டி, பழமெல்லாம் ஒதுக்கி, பொறுமையாக வைத்து, தை மாதம் நட்டால் பூக்கும். பொய் சொல்லவில்லை, பூக்கத்தான் செய்யும். தண்டு குட்டையாக, பூ சின்னதாக, நம் வெயிலில் மூன்று நாலு நாளைக்கு. படம் எடுத்துப் போட்டுவிடலாம்.

சிக்கல் அதற்கப்புறம்தான். டியூலிப் கிழங்கு பூத்து முடித்ததும் தன்னையே செலவழித்துவிடுகிறது. அதன் அடியில் புதிய குட்டிக் கிழங்குகள் உருவாக வேண்டும். அவற்றைப் பெருக்க வைப்பது பூ போன பிறகு ஆறேழு வாரம் பச்சையாக நிற்கும் இலைகள். குளிர்ந்த வசந்தத்தில்தான் அந்த ஆறேழு வாரம் கிடைக்கும். இங்கே மாசி பிறந்ததும் இலை கருகிவிடுகிறது. மண்ணைக் கிளறினால் பூண்டுப் பல் அளவுக்கு நாலைந்து சுருங்கிய துணுக்குகள். அடுத்த ஆண்டு அவை பூக்காது. அதற்கடுத்த ஆண்டு அவை இருக்காது.

"பூங்கொத்து வாங்கினால்கூட நாலு நாளில் குப்பைக்குத்தானே போகிறது, இதில் என்ன குடி முழுகிப்போச்சு?" என்று கேட்டார் ஒரு நண்பர். நியாயமான கேள்வி. தில்லியில் குளிர்காலம் தோறும் சாலையோரங்களில் டியூலிப் வைக்கிறார்கள். ஆண்டுதோறும் நெதர்லாந்திலிருந்து புதுக் கிழங்கு இறக்குமதி செய்து, பூ முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கு மறுபடி வாங்கும் ஏற்பாடு அது. செலவு சரியா என்று வாதாடலாம், ஆனால் அங்கே ஏமாற்று இல்லை. ஸ்ரீநகரில் ஸபர்வன் மலையடிவாரத்தில் 2007இல் திறந்த பெரிய டியூலிப் தோட்டத்திலும், அத்தனை குளிர் இருந்தும், மார்ச் கடைசியிலிருந்து மூன்று நான்கு வாரம்தான் பூ. பார்க்க வேண்டுமென்றால் அங்கே போய்ப் பாருங்கள், அருமையாக இருக்கும். என் கோபம் பொட்டலத்தின் மேல் இருக்கும் அந்த வாசகத்தின் மீது. மண்ணில் செருகிய பூங்கொத்தைப் பல்லாண்டுச் செடி என்று விற்கிறார்கள்.

இந்த மயக்கம் புதிதில்லை. 1630களில் ஹாலந்துக்காரர்கள் டியூலிப் கிழங்குக்கு வீட்டு விலை கொடுத்துப் பைத்தியம் பிடித்து அலைந்து, 1637 பிப்ரவரியில் சந்தை சரிந்து தெளிந்தார்கள். அவர்கள் உயிரை விட்ட அந்தத் தீச்சுடர்க் கோடுகள், அசுவினி பரப்பிய ஒரு வைரஸ் நோயின் விளைவு என்பது தெரிய முந்நூறு ஆண்டு ஆயிற்று. நோயைக் காசு கொடுத்து வாங்கினார்கள். நாம் வாங்குவது ஏக்கத்தை. டாஃபோடில் மலர்களைப் பற்றிய வேர்ட்ஸ்வொர்த் கவிதையை ஆங்கிலப் பாடத்தில் நெட்டுருப் போட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். ஒருவர்கூட அந்தப் பூவைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆசிரியர் உட்பட. ஆன்டிகுவாவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்ட் தன் 'லூசி' நாவலில் இதே மனப்பாடக் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணை எழுதியிருக்கிறார். அமெரிக்கா போய் முதன்முதலாக டாஃபோடில்களைப் பார்க்கும்போது அவளுக்கு அவற்றை அரிவாளால் அரிந்து தள்ளத் தோன்றுகிறது. எங்கள் ஆட்களுக்கு அந்தக் கோபம் வரவில்லை. ஆர்டர் போடுகிறார்கள்.

டியூலிப்பை விடுவோம். அது வெறும் பணநட்டம். நான் உண்மையில் பேச வந்தது இன்னொரு கொடுமை. அதில் கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. கைராசிக்காரர். அவர் மாடியில் ஃபுட்பால் லில்லி இரண்டு தொட்டி இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடி. கோடை மழை நாலு தூறல் போட்டதும் வெறும் மண்ணிலிருந்து தண்டு கிளம்பி, பந்து மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட சிவப்புப் பூக்கள் ஒரே உருண்டையாக விரியும். பிறகு அகலமான இலைகள். மார்கழிக்குள் இலையெல்லாம் பழுத்து உதிர்ந்து தொட்டி மொட்டையாகிவிடும். சித்திரை வரை அப்படியே. பொங்கல் சமயம் போனபோது அந்த இரண்டு தொட்டியிலும் பெட்டூனியா சிரித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இதுல இருந்த கிழங்கு எங்க?"

"அது செத்துப்போச்சு தம்பி. நர்சரிப் பையன் வந்து பார்த்துட்டு, மண்ணைக் கொட்டிட்டுப் புதுசு வெச்சிருங்கன்னான்."

"சாகல அக்கா, தூங்குது."

"அஞ்சு மாசமா? வெறும் தொட்டியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

மண் கொட்டிய மூலையைக் கிளறினோம். உருளைக்கிழங்கு அளவில் ஆறு கிழங்குகள், கல் மாதிரி கெட்டியாக, ஒரு சொட்டு அழுகல் இல்லாமல் கிடந்தன. அந்த நர்சரிப் பையனுக்கு இது தெரியாது என்றால் அவனுக்குத் தொழில் தெரியாது. தெரிந்தும் சொன்னானென்றால் தொழில் நன்றாகவே தெரியும்.

வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க என்ற அந்தக் கேள்வியில்தான் நோய் இருக்கிறது. தோட்டம் என்பது எந்நாளும் விருந்தாளிக்குத் தயாராக இருக்கும் வரவேற்பறை என்று நினைத்துவிட்டோம். காணொளிகளும் அதையே சொல்கின்றன, வருஷம் பூராவும் பூக்க மூன்று ரகசியம் என்று. கிழங்குச் செடியின் இயல்பே காணாமல் போவதுதான். வறட்சியோ பனியோ வரும்போது மேலே இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு, சேமித்ததைச் சுருட்டிக்கொண்டு மண்ணுக்குள் போய்விடும். அப்போது அதற்குத் தண்ணீர் ஊற்றுவது தூங்குகிறவன் வாயில் சோறு திணிப்பது போல. இலையோ, குடிக்கும் வேரோ இல்லாத கிழங்கு ஈரத்தில் கிடந்தால், வேர் கிளம்பும் அடித்தட்டிலிருந்து அழுகத் தொடங்கும். நம் மாடிகளில் சாகும் கிழங்குகளில் பெரும்பாலானவை பூச்சியாலோ வெயிலாலோ சாகவில்லை. அக்கறையாகத் தினமும் ஊற்றிய தண்ணீரால் சாகின்றன.

இன்னொரு பாவம் இலையை வெட்டுவது. பூ முடிந்ததும் அலங்கோலமாகச் சாய்ந்து கிடக்கும் இலையைப் பார்க்கச் சகிக்காமல் கத்தரித்துவிடுகிறார்கள். ஹிப்பியாஸ்ட்ரம் கிழங்கில், அதாவது நாமெல்லாம் அமரில்லிஸ் என்று சொல்லும் பெரிய சிவப்பு லில்லியில், ஏறக்குறைய நான்கு இலைக்கு ஒரு பூந்தண்டு என்ற கணக்கில் மொட்டு உள்ளேயே உருவாகிறது. இலையை வெட்டுகிறவர்கள் அடுத்த ஆண்டின் பூவை வெட்டுகிறார்கள். பிறகு, "எங்க வீட்டுக் கிழங்கு வெறும் இலையா விடுது, பூக்கவே மாட்டேங்குது" என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள். என்னத்தைச் சொல்ல.

மழை லில்லியைப் பாருங்கள். தினமும் பூவாளியால் நனைத்துக்கொண்டே இருந்தால் புல்லாக வளர்ந்து நிற்கும். இரண்டு மூன்று வாரம் காயவிட்டு, ஒருநாள் நன்றாக நனையவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் தொட்டி முழுக்கப் பூ. காய்ச்சலுக்குப் பிறகு வரும் ஈரம்தான் அதற்குச் செய்தி. இதற்கு உரம் தேவையில்லை, காணொளி தேவையில்லை. கை சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் உடனே எனக்கு மண்ணின் மைந்தர் பட்டம் கட்டுகிறார்கள். வெளிநாட்டுப் பூவே கூடாது என்கிறாயா? அட, மழை லில்லி அமெரிக்கக் கண்டத்துக்காரி. ஹிப்பியாஸ்ட்ரம் தென் அமெரிக்கா. சத்தியமங்கலத்திலும் நிலக்கோட்டையிலும் வயல் வயலாக நிற்கும், நம் கல்யாண மாலைகளில் தவறாமல் இருக்கும் சம்பங்கி மெக்சிகோவிலிருந்து வந்தது. பூவிடம் பாஸ்போர்ட் கேட்கும் வேலை எனக்கில்லை. நம் மழையையும் நம் வெயிலையும் வைத்துத் தன் தூக்கத்தையும் விழிப்பையும் முறைப்படுத்திக்கொண்ட எந்தச் செடியும் நம் செடிதான்.

ஆனால் ஒரு பூவைப் பற்றி மட்டும் எனக்குச் சொந்தக்காரனின் கோபம் உண்டு. செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசையாக அடுக்கும் 99 பூக்களில் முதல் பூ. பெண்களின் விரலுக்கு உவமை சொல்லிச் சொல்லிச் சங்கப் புலவர்கள் ஓயவில்லை. ஈழத்தில் அது கார்த்திகைப்பூ, அங்கே அதற்கு இருக்கும் கனம் வேறு. ஜிம்பாப்வேக்காரர்களுக்கு அதுவே தேசிய மலர். நம் ஊரில் எத்தனை பேர் அதை உயிரோடு பார்த்திருக்கிறார்கள்? வேலிகளில் தானாகப் படர்ந்த கொடி. வேலிகள் கம்பியாகவும் கல்லாகவும் மாறின. மிஞ்சியதை மருந்துக்கென்று தோண்டினார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் விவசாயிகள் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள், விதைக்காக. விதையிலிருந்து எடுக்கும் கால்சிசின் மூட்டுவாத மருந்தாகிறது. நர்சரியில் கேட்டால், "அது விஷம் சார், விக்கிறதில்ல" என்கிறார்கள்.

விஷம்தான், மறைக்க ஒன்றுமில்லை. கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு, தெரிந்தே தின்றவர்களும் உண்டு. கைக்குழந்தையும் ஆடும் நாயும் உள்ள வீட்டில் எட்டும் உயரத்தில் வைக்காதீர்கள், கிழங்கைத் தொட்டால் கையைக் கழுவுங்கள், சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். ஆனால் அதே நர்சரியில் அரளி வரிசையாக நிற்கிறது. அரளியைத் தேசிய நெடுஞ்சாலையின் நடுவிலேயே நட்டிருக்கிறோம். விஷத்தைப் பற்றிய கவலை செங்காந்தளிடம் மட்டும் ஏன் வருகிறது? அது வருஷத்தில் பாதி நாள் கண்ணுக்குத் தெரியாது. வெறும் தொட்டியை விற்க முடியாது. காரணம் அவ்வளவுதான்.

வளர்ப்பதில் ஒரு சூத்திரமும் இல்லை. ஆடி, ஆவணியில் கிழங்கு வையுங்கள். கலப்பை மாதிரி வளைந்திருப்பதால்தான் அதற்குக் கலப்பைக்கிழங்கு என்று பெயர். முளை நுனியில் இருக்கும், அது ஒடிந்தால் கிழங்கு வீண். 50 கிராமுக்குக் குறையாததாக, காட்டில் தோண்டியதை விட்டுவிட்டு விவசாயியிடம் வாங்குங்கள். செம்மண், ஆற்று மணல், மட்கிய சாணம். இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கை வாட்டில். பக்கத்தில் காய்ந்த மிளாறு நாலைந்து செருகிவிட்டால், இலையின் நுனியே சுருள்கம்பியாகிப் பற்றிக்கொண்டு ஏறும். கறுப்பில் சிவப்பும் வெள்ளையும் புள்ளி வைத்த புழு வந்தால் கையுறையோடு பொறுக்கிப் போடுங்கள். ஒரே நாளில் கொடியை மொட்டையடித்துவிடும். பூ பச்சையாகப் பிறந்து, மஞ்சளாகி, சிவந்து, இதழ்களைப் பின்னால் வாரிக்கொள்ளும். தை மாதம் கொடி காயும். தண்ணீரை நிறுத்துங்கள். மண்ணுக்குள் பழைய கிழங்கு சக்கையாகி, அதனிடத்தில் புதுக் கிழங்கு இருக்கும். தொட்டியில் பெயர் எழுதிய குச்சியைச் செருகி, மழை படாத இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு ஆடி வரை மறந்துவிடுங்கள். வருகிறவர்கள் கேட்டால் உள்ளே ஆள் இருக்கு என்று சொல்லுங்கள்.

இன்னும் சில மாதத்தில் அடுத்த சீசனுக்கான டியூலிப் பொட்டலங்கள் அச்சாகும். அச்சடிப்பவர்களிடம் கேட்பது ஒரே ஒரு திருத்தம். 'ஆண்டுதோறும் பூக்கும்' என்பதை எடுத்துவிட்டு, 'சமவெளியில் ஒருமுறை மட்டும்' என்று போடுங்கள். படம் அப்படியே இருக்கட்டும், விலையைக்கூடக் குறைக்க வேண்டாம். எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று பார்ப்போம்.